மரங்களில் நடவு அதிர்ச்சி

நடவு அதிர்ச்சி என்பது, ஓரிடத்தில் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டபின், இழந்த வேர்களை அது மீண்டும் வளர்த்துக்கொள்ளும் வரை வளர்ச்சி தடைப்பட்டு நிற்கும் நிலையாகும். இலை வாடுதல், இலை உதிர்தல், நுனிக்கிளை காய்தல், புதுத்துளிர் வராமை ஆகியவை இதன் வெளி அறிகுறிகள். இது நோயன்று. வேர் உறிஞ்சும் நீருக்கும் இலை வெளியிடும் நீருக்கும் உள்ள சமநிலை குலைவதே இதன் அடிப்படை.

நாற்றங்காலிலிருந்து வாங்கி நடப்படும் எல்லா மரங்களும் சிறிதளவேனும் இந்நிலையைக் கடந்தே வேர் பிடிக்கின்றன. மகிழம், சரக்கொன்றை, பூமருது, மரமல்லி, செம்மயிற்கொன்றை போன்ற அழகு மரங்கள் பெரும்பாலும் ஆளுயரம் வளர்ந்த பிறகே விலைக்கு வாங்கப்படுவதால், அவற்றில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

நட்ட மரம் பட்டுப்போவதற்கு அதிர்ச்சி மட்டுமே காரணமாவதில்லை. வாடிய மரத்தைக் கண்டு பதறி, காரணம் அறியாமல் செய்யப்படும் உதவிகளும் அதைக் கொல்கின்றன. நீர் மிகுந்து வேர் அழுகும் மரமும் வாடும்; நீரின்றித் தவிக்கும் மரமும் வாடும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும். எனவே நீர் ஊற்றுவதற்கும் உரமிடுவதற்கும் முன்னர் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதே முதல் வேலை. இக்கட்டுரை திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

காரணம்

மரத்துக்கு நீரை உறிஞ்சித் தருபவை தடித்த வேர்கள் அல்ல. அவை மரத்தைத் தாங்கி நிற்கவும் நீரைக் கடத்தவும் உதவுகின்றன. உறிஞ்சும் வேலை வேர்களின் நுனியில் உள்ள மெல்லிய சல்லிவேர்களிலும் அவற்றின் வேர்த்தூவிகளிலும் நடைபெறுகிறது. இச்சல்லிவேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குள்ளேயே பரவியிருக்கும். பக்கவாட்டில் கிளைகளின் பரப்பையும் தாண்டிச் செல்லும்.

நிலத்தில் வளர்ந்த மரத்தை அடித்தண்டைச் சுற்றித் தோண்டி எடுக்கும்போது தடித்த வேர்கள் தாய்மண்ணோடு வந்துவிடுகின்றன. சல்லிவேர்களோ பழைய இடத்திலேயே அறுந்து நின்றுவிடுகின்றன. மொத்த வேர்களில் பத்தில் ஒன்பது பங்கு வரைகூட இவ்வாறு இழக்கப்படலாம். ஆனால் இலைகள் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும். அவற்றின் நீராவிப்போக்குக்கு ஈடுகொடுக்க எஞ்சிய வேர்களால் முடிவதில்லை. மரம் நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளைகள் மூடினால் கரியமில வாயு உள்ளே செல்வது குறைந்து ஒளிச்சேர்க்கையும் குறைகிறது. புது வேர் விடுவதற்கு வேண்டிய உணவு அப்போது போதிய அளவு கிடைப்பதில்லை. வேர் இல்லாததால் உணவு குறைகிறது. உணவு குறைவதால் வேர் வளர்வது தாமதமாகிறது. இச்சுழலிலிருந்து மரம் வெளிவரும் காலமே அதிர்ச்சிக் காலம்.

பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றுகளில் வேர் இழப்பு குறைவு. அவற்றுக்கு வேறு இரு சிக்கல்கள் உண்டு. பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் உட்சுவரை ஒட்டி வட்டமாகச் சுருண்டுவிடுகின்றன; நட்ட பிறகும் அவை அதே வட்டத்தில் வளர்ந்து வெளிமண்ணுக்குள் செல்லாமல் இருக்கலாம். மேலும், பைமண் சுற்றியுள்ள நிலத்தைவிட விரைவாக உலர்கிறது. பாத்தி ஈரமாக இருக்கும்போதே நடுவிலுள்ள தாய்மண் கட்டி காய்ந்து கிடப்பது அரிதன்று.

திண்டுக்கல் சமவெளியின் சூழல்

திண்டுக்கல் நகரின் தெற்கிலும் கிழக்கிலும் சிறுமலையும், தென்மேற்கில் பழனி மலைத்தொடரும் அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் இச்சமவெளி மழைமறைவுப் பகுதியாக உள்ளது. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மழை தராத பருவக்காற்று இங்கு பலமாக வீசுகிறது. இவ்வுலர்ந்த காற்று இலைகளிலிருந்து நீரைப் பறிப்பதோடு, வேர் பிடிக்காத மரத்தை ஆட்டி, புதிதாக விட்ட சல்லிவேர்களையும் அறுத்துவிடுகிறது.

மண்ணும் நீரும் கவனிக்க வேண்டியவை. இப்பகுதியில் செம்மண்ணும் செஞ்சரளையும் மிகுதி. ஆங்காங்கே கரிசலும் உண்டு. பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே கடப்பாரை இறங்காத கெட்டிச் சரளையோ சுண்ணாம்புச் சுக்கானோ இருக்கும். அத்தகைய நிலத்தில் வெட்டிய குழி, அடியில் ஓட்டையில்லாத தொட்டியைப் போல நீரைத் தேக்கிக்கொள்கிறது. வறண்ட ஊரிலும் மரம் நீர் தேங்கிச் சாவதற்கு இதுவே காரணம். ஆழ்துளைக் கிணற்று நீர் சில இடங்களில் உவர்ப்பாக இருப்பதும் இளம் வேர்களைப் பாதிக்கிறது. புதிய குடியிருப்பு மனைகளில் கட்டட இடிபாடுகளும் சிமெண்ட்டுக் கழிவும் மண்ணுக்குள் புதைந்திருப்பதால் மண்ணின் காரத்தன்மை கூடியிருக்கலாம்.

நடும் நாளைத் தேர்வதிலும் ஊரின் பருவத்தைக் கவனிக்க வேண்டும். 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் கொண்டாடப்படுகிறது. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம் இது. திண்டுக்கல் சமவெளியிலோ இது காற்றுக்காலம். அந்நாள்களில் பள்ளிகளிலும் தெருக்களிலும் நடப்படும் கன்றுகள் நல்ல மழையைக் காண மூன்று, நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. அதுவரை நீர் ஊற்ற ஆளிருந்தால் அவை பிழைக்கும். புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை நடும் மரங்களுக்குப் பங்குனி வெயில் தொடங்கும் முன் வேர் பிடிக்க மூன்று மாதங்களேனும் கிடைக்கின்றன.

காரணம் அறியும் சோதனைகள்

பின்வரும் சோதனைகளுக்கு ஒரு களைக்கொத்து, ஒரு வாளி நீர், அரை மணி நேரம் ஆகியவை போதும். நீர் வடியும் சோதனைக்கு மட்டும் ஒரு நாள் தேவைப்படும். இவற்றை முடிக்காமல் எந்தப் பராமரிப்பையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

1. நகக்கீறல்: நுனிக்கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அக்கிளை உயிரோடுள்ளது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அவ்விடம் காய்ந்துவிட்டது. நுனியிலிருந்து அடித்தண்டு நோக்கி இறங்கிக்கொண்டே பல இடங்களில் கீறினால், உயிர் எதுவரை உள்ளது என்பது தெரிந்துவிடும்.

2. ஈரம்: மண்ணின் மேற்பரப்பு காட்டும் ஈரத்தை நம்பக் கூடாது. ஒரு சாண் ஆழத்திற்கு இரண்டு இடங்களில் தோண்ட வேண்டும். ஒன்று தாய்மண் கட்டியின் விளிம்பு. மற்றொன்று அதற்கு வெளியே உள்ள பாத்தி மண். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் ஈரம் போதுமானது. பிடிபடாமல் உதிர்ந்தால் வறட்சி. பிழிந்தால் நீர் கசிந்தால் மிகை ஈரம்.

3. வேரின் நிறமும் மணமும்: தோண்டிய இடத்தில் தென்படும் சல்லிவேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் நலம். கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று வந்து, சாக்கடை நாற்றம் வீசினால் வேர் அழுகல் தொடங்கிவிட்டது.

4. வேர்க்கழுத்து: அடித்தண்டு வேராக விரியும் இடமே வேர்க்கழுத்து. அது தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தால், மரம் ஆழமாக நடப்பட்டுள்ளது அல்லது பின்னர் மண் அணைக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

5. ஆட்டம்: தண்டை மார்பளவு உயரத்தில் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். தண்டு வளைந்தால் தவறில்லை. அடியில் மண் பிளந்து, தண்டைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை.

6. நீர் வடிதல்: பாத்திக்கு வெளியே, நட்ட குழியின் ஆழத்திற்கு ஒரு சிறு குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அந்நிலத்தில் வடிகால் இல்லை.

7. நாள்காட்டி: சரக்கொன்றையும் செம்மயிற்கொன்றையும் கோடையின் தொடக்கத்தில் இயல்பாகவே இலை உதிர்ப்பவை. அப்போது அவை மொட்டையாக நிற்பதைக் கண்டு பட்டுவிட்டன என்று பிடுங்கி எறிவது நடப்பதுண்டு. நகக்கீறல் பச்சையாக இருந்தால் காத்திருக்க வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

வறட்சி: இலை விளிம்பு மொறமொறப்பாகக் காயும். நண்பகலில் வாடி, முதலில் மாலையில் தேறும். நாளடைவில் மாலையிலும் தேறாது. தாய்மண் உலர்ந்திருக்கும்.

நீர்த்தேக்கம்: இலைகள் மஞ்சளாகி, மொறமொறப்பின்றித் துவண்டு உதிரும். மண் ஈரமாக இருக்கும்போதே வாட்டம் காணும். வேர் கறுத்து நாறும்.

உவர்நீர்ப் பாதிப்பு: இலை நுனியும் விளிம்பும் தீய்ந்தது போலப் பழுப்பாகும். பாத்தியின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு படியும்.

சுண்ணாம்பு மிகுந்த மண்: இளந்தளிர்கள் மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததே காரணம்.

ஆழ நடவு: மரம் சாகாமலும் வளராமலும் பல மாதங்கள் நிற்கும். அடிப்பட்டை ஊறி மென்மையாகும்.

வெயிற்காயம்: தண்டின் மேற்குப் பக்கப் பட்டை நிறம் மாறி வெடிக்கும். நிழல்வலையில் வளர்ந்த கன்றைத் திறந்த வெயிலில் நட்டால் இது நேரும்.

கறையான்: பட்டையின்மேல் மண்பூச்சு தெரியும். கறையான் பெரும்பாலும் காய்ந்த பட்டையைத் தேடியே வருகிறது. ஆகவே மரம் முன்னரே வேறு காரணத்தால் நலிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

வைகாசியில் ஒரு புதிய வீட்டின் முன் 8 அடி உயர மகிழமரம் நடப்படுகிறது என்று கொள்வோம். குழி 2 அடி ஆழம். அடியில் கெட்டிச் சரளை. இரண்டாம் வாரத்தில் இலைகள் துவள்கின்றன. வெயில் காரணம் என்று கருதிக் காலையும் மாலையும் இரண்டு குடம் நீர் ஊற்றப்படுகிறது. மூன்றாம் வாரத்தில் இலைகள் மஞ்சளாகின்றன. சத்துக் குறைவு என்று கருதி ஒரு கைப்பிடி யூரியா இடப்படுகிறது. ஐந்தாம் வாரத்தில் இலைகள் உதிர்ந்து நுனிகள் காய்கின்றன.

இங்கு முதல் வாட்டம் இயல்பான நடவு அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். சரளைக் குழியில் வடியாமல் நின்ற நீர் மண்ணிலிருந்த காற்றை வெளியேற்றியது. காற்றில்லாத மண்ணில் வேர் சுவாசிக்க முடியாது. சுவாசிக்காத வேரால் நீரை எடுக்கவும் முடியாது. நீருக்குள் நின்றுகொண்டே மரம் நீரின்றி வாடியது. யூரியா எஞ்சிய சல்லிவேர்களையும் தீய்த்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு சாண் தோண்டிப் பார்த்திருந்தால் ஈரம் மிகுந்திருப்பது தெரிந்திருக்கும். நீரை நிறுத்துவதே அப்போது தேவைப்பட்ட சிகிச்சை.

மீட்கும் முறைகள்

நீர்: ஒரு வேளைக்கு, அடித்தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்திற்கும் 8 முதல் 10 லிட்டர் வரை என்பது பொதுவான அளவு. 2 அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு 16 முதல் 20 லிட்டர். நட்ட முதல் சில வாரங்கள், வடிகால் நன்றாக உள்ள செம்மண்ணில் வெயில் காலத்தில் நாள்தோறும் நீர் தேவைப்படலாம். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதன்பின் வாரம் இருமுறை என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். கரிசலில் இடைவெளி இன்னும் கூடுதலாக இருக்கலாம். எந்த அட்டவணையும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. தொடக்கத்தில் நீர் தாய்மண் கட்டியின் மேலேயே விழ வேண்டும். சில மாதங்களுக்குப் பின் பாத்தியை வெளிப்புறமாக அகலப்படுத்தினால் வேரும் அவ்வழியே பரவும். ஆளில்லாத இடங்களில், அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையை மரத்தருகே புதைத்து நீர் நிரப்பி வைப்பது பழகிய, செலவு குறைந்த முறை.

மிகை ஈரத்துக்கு: நீரை உடனே நிறுத்தி, பாத்தியின் கரையை உடைத்துவிட வேண்டும். குழியின் ஒருபுறம் அடிமட்டம் வரை கால் தோண்டித் தேங்கிய நீரை வெளியேற்றலாம். கன்று சிறிதாக இருந்தால், அதைத் தாய்மண்ணோடு எடுத்து அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, தரைக்கு மேல் முக்கால் அடி மேடு அமைத்து நடுவதே நிலையான தீர்வு.

மூடாக்கு: காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், தென்னை மட்டைத் துண்டுகள், மட்கிய நார்க்கழிவு ஆகியவற்றில் ஒன்றை 2 முதல் 4 அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் மண் சூடேறாது, நீர் ஆவியாவதும் குறையும். தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை ஊறி அழுகும்.

நிழலும் காற்றுத் தடுப்பும்: மேற்குப் பக்கத்திலும் காற்று வரும் திசையிலும் நிழல்வலையோ தென்னங்கீற்றுத் தட்டியோ கட்டுவது இலையின் நீரிழப்பைக் குறைக்கும். தண்டில் ஈரச் சாக்கு சுற்றலாம். சுண்ணாம்பு பூசுவதும் வெயிற்காயத்தைத் தடுக்கும்.

முட்டுக்கொடுத்தல்: ஆட்டம் இருந்தால் இரண்டு அல்லது மூன்று குச்சிகளைத் தாய்மண்ணுக்கு வெளியே ஊன்றி, சாக்குத் துண்டு வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியால் கட்டினால் பட்டை அறுபடும். தண்டு சிறிது அசைவது அது வலுப்பெற உதவும். ஓராண்டுக்குள் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

கவாத்து: வேர் குறைந்ததற்கு ஈடாகக் கிளைகளையும் பாதி வெட்டிவிட வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் வேர் வளர்வதற்கான உணவை இலைகள்தாம் தருகின்றன; வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்னும் வளரூக்கியும் நுனி மொட்டுகளில் உருவாகிறது. நன்றாக நீர் தர இயலுமானால் காய்ந்த, ஒடிந்த, உரசும் கிளைகளை மட்டும் நீக்குவதே போதும். வேர் பெருமளவு இழந்த பெரிய மரங்களுக்கும், நீர்வசதி இல்லாத இடங்களுக்கும் மட்டுமே கூடுதல் கவாத்து பொருந்தும்.

உரம்: முதல் ஆண்டில் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களைத் தவிர்ப்பது நல்லது. அவை வேர் தாங்க முடியாத அளவுக்கு இலையை வளர்க்கும். உலர்ந்த மண்ணில் வேரைத் தீய்க்கும். புதுத்துளிர் வந்து நிலைபெற்ற பின் நன்கு மட்கிய தொழுவுரத்தை மேலாக இடலாம். மட்காத சாணம் சூடு கிளப்புவதோடு கறையானையும் அழைக்கும். நரம்பு பச்சையாக நின்று தளிர் வெளுத்திருந்தால், அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலை நேரத்தில் இலையில் தெளிக்கலாம்.

உவர்நீர்: நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணில் தங்கும். வடிகால் உள்ள நிலத்தில் இடைவெளி விட்டு ஆழமாக நீர் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மொட்டைமாடி மழைநீரைச் சேமித்து ஊற்ற முடிந்தால் அதுவே சிறந்தது.

மரவகைகளும் தாங்குதிறனும்

ஆல், அரசு, பூவரசு ஆகியவை வெட்டிய போத்திலிருந்தும் வேர்விடக் கூடியவை. அதனால் இடமாற்றத்தை எளிதில் தாங்குகின்றன. புங்கம், வேம்பு, மந்தாரை ஆகியவை வறட்சியைத் தாங்கும். சரக்கொன்றையின் ஆணிவேர் அறுந்தால் மீள்வது கடினம். ஆகவே சிறு கன்றாக நடுவதே ஏற்றது. மகிழம் மெதுவாக வளர்வதால் துளிர் வராததை மட்டும் கொண்டு அதைப் பட்டதாகக் கருதக் கூடாது. நாகலிங்கமும் நெட்டிலிங்கமும் ஈரம் விரும்புபவை. காற்று மோதும் திறந்த வெளியில் முதல் ஆண்டில் துன்பப்படும். நாற்றங்கால்களில் புளூமேரியா என்று விற்கப்படும் ஈழத்தலரி தன் சதைப்பற்றுள்ள தண்டில் நீரைச் சேமித்து வைத்திருப்பதால், வாரக்கணக்கில் இலையின்றி இருந்தாலும் பிழைக்கும். அதற்கு அடிக்கடி நீர் ஊற்றினால் தண்டு அழுகும்.

பெரிய மரங்களை இடம்பெயர்த்தல்

பெரிய மரங்களை வேரோடு கொண்டுபோகும் முயற்சி மிகப் பழமையானது. எகிப்தில் கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி ஹட்செப்சுட், புண்ட் நாட்டிலிருந்து நறுமணப் பிசின் மரங்களைக் கூடைகளில் வேரோடு கொண்டுவரச் செய்ததை டெய்ர் எல்-பாரி கோயிலின் சுவர்ச் சிற்பங்கள் காட்டுகின்றன.

இன்று சாலை விரிவாக்கம், கட்டடப் பணி ஆகியவற்றுக்காக மரங்கள் பெயர்க்கப்படுகின்றன. டெல்லி அரசு 2020-இல் மரம் இடமாற்றக் கொள்கை ஒன்றை ஏற்றது. அதன்படி, ஒரு கட்டுமானத்தால் பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டையேனும் பெயர்த்து நட வேண்டும். அவற்றுள் 80 விழுக்காடு ஓராண்டு முடிவில் உயிரோடிருக்க வேண்டும். ஆனால் 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த அரசு அளித்த விவரப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்திருந்தன. பெயர்த்து நடுவது மரத்தை வெட்டுவதற்கு முழு மாற்று என்று கருத முடியாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

பெரிய மரத்தைப் பெயர்க்க வேண்டியிருந்தால், தாய்மண் கட்டியின் விட்டம் அடித்தண்டின் விட்டத்தைப்போல் 10 முதல் 12 மடங்கு இருக்க வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே மரத்தைச் சுற்றிப் பகுதி பகுதியாகக் கால் வெட்டி, மட்கிய எருவும் மண்ணும் நிரப்பி வைத்தால், வெட்டிய வேர்முனைகளிலிருந்து புதுச் சல்லிவேர்கள் கட்டிக்குள்ளேயே உருவாகும். இதற்கு நேரம் ஒதுக்காமல், பொக்லைன் இயந்திரத்தால் ஒரே நாளில் பெயர்க்கப்படும் மரங்களே அதிகம் இறக்கின்றன.

தடுப்பு

உயரமான கன்றைவிட உறுதியான கன்றே சிறந்தது. 4 அடிக் கன்று, அதிர்ச்சியில் நின்றுபோன 10 அடி மரத்தைச் சில ஆண்டுகளில் எட்டிப் பிடித்துவிடுவதுண்டு. வாங்கும்போது பையின் அடியைப் பார்க்க வேண்டும். தடித்த வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கியிருந்தால், தூக்கும்போது அவ்வேர் அறுபடும். நிழல்வலையில் வளர்ந்த கன்றை ஓரிரு வாரங்கள் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். நடும் முன் பையை முழுவதும் கிழித்து நீக்கி, சுருண்ட வேர்களை வெட்டியோ விரித்தோ விட வேண்டும்.

குழி ஆழத்தைவிட அகலத்தில் கூடுதலாக இருப்பது நல்லது. கெட்டிச் சரளையில் 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுப்பது வழக்கம்; அப்போதும் நீர் வடிகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். குழி முழுவதையும் எருவால் நிரப்பினால் எரு மட்கி மண் அமிழும்போது மரமும் ஆழத்துக்கு இறங்கிவிடும். தோண்டிய மேல்மண்ணுடன் அளவாக மட்கிய எரு கலந்து நிரப்பி, வேர்க்கழுத்து தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு நட வேண்டும். வெயில் தாழ்ந்த மாலை நேரமே நடுவதற்கு ஏற்றது.

மரம் பட்டதாகக் கொள்வது எப்போது

குளிர்நாடுகளில் அடித்தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்திற்கும் ஏறத்தாழ ஓராண்டு வேர் பிடிக்கும் காலம் என்று கணக்கிடுவர். ஆண்டு முழுதும் மண் வெதுவெதுப்பாக உள்ள தமிழ்நாட்டுச் சமவெளியில் வேர் வளர்ச்சி இதைவிட விரைவாக நடக்கும். எனினும் 2, 3 அங்குலத் தண்டுள்ள மரத்துக்கு முழு ஓராண்டுக் கவனிப்பாவது தேவை. நட்டவுடன் வரும் முதல் துளிர் தண்டில் சேமித்த உணவால் வருவது. அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டது என்று நீரை நிறுத்துவதால் பல மரங்கள் இரண்டாம் மாதத்தில் காய்கின்றன. அடுத்தடுத்து வரும் துளிர்கள் நீண்டு, இலைகள் இயல்பான அளவை அடைவதே வேர் பிடித்ததன் அடையாளம்.

நுனிகள் எல்லாம் காய்ந்திருந்தாலும் அடித்தண்டில் நகக்கீறல் பச்சையாக இருக்கும்வரை மரத்தைக் கைவிடத் தேவையில்லை. காய்ந்த பகுதியைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, அளவாக நீர் கொடுத்து ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை காத்திருக்கலாம். அடித்தண்டின் எல்லாப் பக்கங்களிலும் பட்டை பழுப்பாக உலர்ந்து எளிதில் உரிந்து வந்தால் மரம் இறந்துவிட்டது. அப்போதும் குழியைத் தோண்டி வேரைப் பார்த்த பிறகே அதே இடத்தில் அடுத்த கன்றை நட வேண்டும். நீர் வடியாத குழி, ஆழ நடவு, சுருண்ட வேர் ஆகியவற்றுள் எது காரணம் என்று தெரியாமல் நட்டால் இரண்டாம் கன்றுக்கும் அதே முடிவு நேரும்.